ஆறு தேசிக்காயும் ஒரு கம்பியும்

கோயில் திருவிழாவுக்குச் சமையல் கிடாரங்கள் ஏற்றவென்று பழைய ட்ரெய்லர் ஒன்று வாங்கினேன். காரிலிருந்து ட்ரெய்லர் கழன்றால், அதன் பிரேக்கை இழுத்துப் பிடிக்கிற மெல்லிய கம்பி அதில் அறுந்திருந்தது. புதுக்கம்பியை நானே பூட்டினேன். நீளம் கூடி றோட்டில் இழுபட்டது. அளவாக்கப் பஞ்சிப்பட்டு, காரில் கொளுவ வேண்டிய நுனியை ட்ரெய்லரின் பிடியிலேயே சுற்றிக் கொளுவிவிட்டேன்.

கூட வந்த சிவம் அண்ணை அதைப் பார்த்தார்.

"உது பொலிசுக்குக் காட்டத்தானே, விடு தம்பி."

நானும் "ஓம்" என்றேன். பிறகு காருக்கும் ட்ரெய்லருக்குமாக ஆறு சில்லுக்கும் தேசிக்காய் வைத்து, கற்பூரம் காட்டிப் புறப்பட்டோம்.

பூம்ப்ளிஸ் என்கிற இடத்து றோட்டு இறக்கத்தில், ட்ரெய்லரைக் காரோடு பூட்டுகிற கொக்கி சரியாக இறுகாததால் விட்டுப்போனது. கம்பி ட்ரெய்லரோடேயே சுற்றிக் கிடந்ததால் பிரேக் விழவில்லை. கிடாரங்களோடு நடைபாதையில் ஏறிய ட்ரெய்லர், பஸ் தரிப்பிடத்துக் கண்ணாடியை நொறுக்கி நின்றது. அதுவரை அங்கே நின்ற ஒரு தாய் பிள்ளைவண்டியோடு அப்போதுதான் பஸ்ஸில் ஏறியிருந்தார்.

பஸ் சாரதி இறங்கி வந்து, அந்தக் கம்பியின் நுனியைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"தேசிக்காய் வச்சபடியால் தப்பினம்" என்றார் சிவம் அண்ணை.

அவரைப் பார்க்கவே அருவருத்தது. முதலில் "ஓம்" சொன்ன என் வாயை நினைக்க, அதைவிட அருவருத்தது.

இப்போது கம்பியைக் காரில் கொளுவி, இழுத்துப் பார்த்த பிறகே வண்டி எடுக்கிறேன். யாராவது தேசிக்காய் கொண்டுவந்தால் சமையலுக்குக் கொடுத்துவிடுகிறேன். சோற்றுக்காவது உதவட்டும்.