பக்கத்துக் கட்டில்காரரின் சிறுநீரகம்

டிராம் வண்டி சிங்கப்பூருக்குப் புதிதாக வந்திருந்த காலத்தில் நான் அதில் கண்டக்டராக இருந்தேன். ஒரு நாள் காலையில், சிராங்கூன் ரோட்டில் மாட்டுக்கொட்டகைகள் இருந்த பக்கம், ஓர் எருமை தண்டவாளத்தின் நடுவில் வந்து நின்றுகொண்டது. ஓட்டுநர் மணியை மிதி மிதி என்று மிதித்தார். அது அசையவில்லை. கடைசியில் அவர் பிரேக்கைத் திருகினார். வண்டி நின்றது. படியில் நின்று சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த நான் மட்டும் நிற்காமல் போய்ச் சாக்கடைக் கல்லில் விழுந்தேன். ஓடிவந்தவர்கள் முதலில் எருமைக்கு அடிபட்டதா என்று பார்த்தார்கள். அதற்கு ஒன்றுமில்லை. எனக்கு வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது.

அரசாங்க ஆஸ்பத்திரியில் என் காலைப் பலகை வைத்துக் கட்டி, அசையக் கூடாது என்று சொல்லிப் படுக்க வைத்தார்கள். நீளமான வார்டு. எனக்கு ஒரு பக்கம் சுவர். மறுபக்கத்துக் கட்டிலில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு கருவாட்டு வியாபாரி. நாகூர்ப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். தேக்காச் சந்தையில் கடை வைத்திருந்தார். மூத்தவர்களை அவர்கள் ஊரில் 'நானா' என்று கூப்பிடுவார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

நானா வந்தது காலில் இருந்த புண்ணுக்காக. மீன்முள் குத்திய சின்னப் புண் மாதக்கணக்கில் ஆறாமல் கிடந்தது. அதைத் தவிர அவருடைய இரண்டு கால்களும் வீங்கியிருந்தன. விரலால் அழுத்தினால் குழி விழும். அந்தக் குழி சாவகாசமாக மேலே வரும். அவர் அதை நோயாகவே எடுத்துக்கொள்ளவில்லை. "கடையில நின்னு நின்னு வர்றது தம்பி. உக்காந்து யாவாரம் பாக்குறவனுக்கு வராது," என்பார்.

எங்கள் வார்டு டாக்டர் சீமையிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. தமிழ் தெரியாது, மலாயும் இன்னும் வரவில்லை. ஆனால் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. யார் எதற்காக வந்து படுத்தாலும் சரி, கை முறிந்தவன், காய்ச்சல்காரன், கண்வலிக்காரன், எல்லாருடைய சிறுநீரையும் காய்ச்சிப் பார்ப்பார். ஒரு நோய்க்கென்று ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் பலருக்கு உள்ளே சிறுநீரகம் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டிருக்கிறது, அது யார் யாருக்குக் கெடுகிறது, ஏன் கெடுகிறது என்று தெரிந்தாக வேண்டும் என்பார். நான் பாதிரிமார் பள்ளியில் இங்கிலீஷ் படித்தவன் என்று தெரிந்ததும் என்னைப் படுத்த இடத்திலேயே மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி ஆக்கிவிட்டார்.

நானாவின் முறை வந்தது.

"நுரை வருதான்னு கேக்குறாரு நானா," என்றேன்.

"எதுல?"

"நீங்க ஒண்ணுக்குப் போறப்ப."

நானா டாக்டரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இவரு வீட்டுல பெரியவங்க யாரும் இல்லையா? கேள்வி கேக்குறதுக்கு ஒரு இது வேணாம்?"

அவர் யோசித்துச் சொல்வதாக டாக்டரிடம் சொன்னேன்.

அடுத்து, முன்னால் காய்ச்சல் வந்திருக்கிறதா என்ற கேள்வி. ஜோகூர்த் தோட்டங்களுக்குக் கருவாடு கொண்டுபோன காலத்தில் மாதம் தவறாமல் குளிர்காய்ச்சல் வந்ததாக நானா சொன்னார். டாக்டர் முகம் மலர்ந்தது. தகப்பனாருக்கு என்ன வியாதி? "வாப்பா சக்கரை நீர்லதான் மவுத்தானாங்க." டாக்டர் நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாரா? நானா கொஞ்சம் தயங்கி, ஒரு வைத்தியர் கறுப்பு உருண்டை தருவதாகவும், அதில் பாதரசமும் வேறு என்னென்னவோவும் இருப்பதாகவும் சொன்னார். அதை மொழிபெயர்த்தபோது டாக்டருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்து, நானா ஏதோ பரிசு ஜெயித்துவிட்டார் என்றே வார்டில் எல்லாரும் நினைத்தார்கள்.

"சாராயம் குடிப்பாரா?"

"அஸ்தஃபிருல்லா. அது மட்டும் கிடையாதுன்னு அடிச்சுச் சொல்லுங்க தம்பி."

டாக்டருக்குச் சற்று ஏமாற்றம்தான்.

பிறகு கண்ணாடிக் குழாயில் நானாவின் சிறுநீரை ஊற்றி, விளக்கில் காட்டினார். எழுந்து நடக்க முடிந்தவர்கள் எல்லாம் கட்டிலைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். சூடேறியதும் குழாய்க்குள் முட்டையின் வெள்ளைக்கரு போல வெளுத்துத் திரண்டது. இன்னொரு குழாயில் நீல மருந்தோடு சேர்த்துக் காய்ச்சினார். அது செங்கல் நிறத்துக்கு மாறியது. சர்க்கரையும் இருக்கிறது, சிறுநீரகமும் கெட்டிருக்கிறது என்றார். சிறுநீரகத்துக்கு எனக்குத் தெரிந்தது கறிக்கடைத் தமிழ்தான்.

"உங்க குண்டிக்காய் ரெண்டும் கெட்டுப்போச்சாம் நானா."

"அது ஆட்டுக்குத்தானே இருக்கும்?"

"மனுசனுக்கும் இருக்காம்."

"இருக்கட்டும். எனக்கு வலிக்கலையே. வலிக்காதது எப்படிக் கெட்டுப்போகும்?"

வலிக்காமல் கெடுவதுதான் அதன் குணம் என்று டாக்டர் சொன்னார். இனிமேல் பால், பார்லித் தண்ணீர், உப்பில்லாத கஞ்சி மட்டும். கறுப்பு உருண்டை கூடவே கூடாது. சிறுநீர் தெளியும்வரை வீட்டுக்கும் போக முடியாது.

மற்றதையெல்லாம் நானா பொறுத்துக்கொண்டிருப்பார். உப்பு விஷயம்தான் அவர் மனதைப் புண்படுத்திவிட்டது. "நாலு பேருக்கு உப்புக் கருவாடு வித்துப் பொழைக்கிறவன் நான். நானே உப்பில்லாம திங்கிறேன்னு தெரிஞ்சா என் கடைக்கு எவன் வருவான்?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார்.

எங்கள் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஒரு மரப்பலகை இருந்தது. காலையில் அவரவர் சிறுநீர்ப் போத்தலை அதில்தான் வைப்போம். டாக்டர் வந்து எடுத்துக்கொள்வார். ஒரு நாள் விடியும் நேரத்தில், நான் தூங்கிக்கொண்டிருந்தபோது, நானா தன் போத்தலை என் இடத்திலும் என் போத்தலைத் தன் இடத்திலும் மாற்றி வைத்துவிட்டார். அதன்பிறகு தினமும் அப்படியே செய்தார். அப்போது எனக்கு இது தெரியாது.

அன்று டாக்டர் நானாவின் பெயரில் இருந்ததைக் காய்ச்சினார். அருவித் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது. நானாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அடுத்து என்னுடையது. வெள்ளைக்கரு திரண்டது. நீல மருந்து செங்கல் ஆனது. டாக்டர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு கேள்விகளை ஆரம்பித்தார். நான் இங்கிலீஷில் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். எதிர்க்கட்டில்காரர்களுக்கு அது போதவில்லை. "என்ன கேக்குறாருன்னு தமிழ்ல சொல்லுங்கண்ணே," என்றார்கள். இத்தனை நாள் மற்றவர்களுக்குச் செய்ததை எனக்கென்று வந்தபோது மறுக்க முடியுமா? என் நுரையையும், என் காய்ச்சலையும், திருவிழா அன்று நான் குடித்த கள்ளையும் நானே வார்டுக்குக் கேட்கும்படி அறிவித்தேன்.

"குடிப்பீங்களா தம்பி?" என்று நானா வருத்தத்தோடு கேட்டார்.

அன்று முதல் எனக்குப் பாலும் பார்லித் தண்ணீரும். புண் ஆறும்வரை இருக்க வேண்டிய நானாவுக்குச் சோறும் மீன் குழம்பும். முதல் வேளை அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த வேளையிலிருந்து அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டார். எனக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. நல்ல காலில் விரலை அழுத்தி அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்ப்பதே வேலையாகிவிட்டது. அழுத்திய இடமெல்லாம் வலித்தது. வலித்தால் கெடவில்லை என்று அர்த்தமா என்று டாக்டரிடம் கேட்கவும் பயமாக இருந்தது.

"பயப்படாதீங்க தம்பி," என்பார் நானா. "எனக்கே சரியாப்போச்சு. உங்களுக்குப் போகாதா?"

இது ஒரு வாரம்போல நடந்தது. டாக்டர் வேறு இரண்டு டாக்டர்களைக் கூட்டிவந்து என்னைக் காட்டினார். வயது கிடையாது, வீக்கம் கிடையாது, பரம்பரை கிடையாது, ஆனாலும் இவனுக்குச் சிறுநீரகம் இப்படி; பக்கத்தில் எல்லாக் காரணங்களும் பொருந்திய மனிதருக்கு ஒன்றுமே இல்லை. இத்தனை காலம் தான் நினைத்திருந்தது தவறோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. என் கண் இமையை விரித்துப் பார்த்தார்கள், முதுகைத் தட்டினார்கள். நானா போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் நானாவின் மனைவி திரும்பி வந்தார். மகளைப் பார்க்கப் பினாங்குக்குப் போயிருந்தவர். சிங்கப்பூரிலேயே பிறந்தவர், அவருடைய தாயார் மலாய்க்காரர்; அதனால் பேச்சில் ஒரு 'லா' ஒட்டிக்கொண்டு வரும். வெள்ளைத் துப்பட்டி போட்டுக்கொண்டு, கையில் தூக்குச்சட்டியோடு வார்டுக்குள் வந்து, கணவரின் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றார். நானாவின் முகம் அதற்குள் உப்பிப்போய், கண்கள் கோடு மாதிரி இருந்தன.

"எனக்கு எல்லாம் சரியாயிடுச்சு. தண்ணி சுத்தம்னு டாக்டரே கையக் குடுத்தாரு," என்றார் நானா.

அந்த அம்மாள் குனிந்தார். அவருடைய காலில் விரலை வைத்து அழுத்தினார். குழி விழுந்தது, வெகுநேரம் எழும்பவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இந்தத் தம்பிக்கு என்ன?"

"குண்டிக்காய் கெட்டுப்போச்சு. பாவம்," என்றார் நானா.

"எப்ப இருந்து?"

"அதான், எனக்குச் சரியான அன்னைக்கு."

அந்த அம்மாள் மரப்பலகையைப் பார்த்தார். இரண்டு போத்தல்கள் இருந்தன. என்னுடையதன் வாயைச் சுற்றி எறும்பு வரிசையாக ஏறிக்கொண்டிருந்தது.

"வீட்டுல எறும்பு உங்க பக்கம்தான் வரும்," என்றார். "இங்க வந்து தம்பி பக்கம் போயிடுச்சா? யாரோட தண்ணி லா அது?"

நானா போர்வையின் ஓரத்தை முறுக்கினார்.

"தம்பி சின்ன வயசு. தாங்கும்னு நெனச்சேன்," என்றார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் சாகப் போவதில்லை என்ற சந்தோஷத்தில் அதற்கு இடமே இல்லை. "ராத்தா, அந்தத் தூக்குச்சட்டியில என்ன இருக்கு?" என்றுதான், அவர்கள் அக்காவைக் கூப்பிடும் முறையில், கேட்டேன். கோழிக் குழம்பும் சோறும் இருந்தன. அவ்வளவையும் அந்த அம்மாள் எனக்கே வைத்தார். நானா பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் வந்ததும் இதையும் நான்தான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தார். தான் நினைத்திருந்தது தவறில்லை என்பதில் அவருக்கு அவ்வளவு நிம்மதி. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, நானாவிடம் சொல்லும்படி நிதானமாகச் சில வார்த்தைகள் சொன்னார்.

"போத்தல மாத்துனா அவருக்கு ஒண்ணும் நட்டமில்லையாம் நானா. கெட்டுப்போனது கெட்டுப்போனதுதானாம், திரும்பி வராதாம். மிச்சம் இருக்கறது சீக்கிரம் போறதும் மெதுவாப் போறதும் உங்க கையிலதான் இருக்காம்."

நானா முதன்முதலாகப் பயந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

"மிச்சம் எவ்வளவு இருக்குன்னு கேளுங்க தம்பி."

கேட்டேன். டாக்டர் தனக்குத் தெரியாது என்றார்.

"இருக்கறத வெச்சுப் பாத்துக்கலாம் லா," என்றார் அந்த அம்மாள். நானாவின் தலையணைக்குள் கையை விட்டுக் கறுப்பு உருண்டைகளை எடுத்தார், கூடவே ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாட்டையும். இரண்டையும் கொண்டுபோய் வெளிச் சாக்கடையில் கொட்டிவிட்டு வந்தார்.

என் கால் சேர்ந்தது, கொஞ்சம் கோணலாக. நான் மறுபடியும் டிராமுக்குப் போனேன். நானாவும் புண் ஆறி வீட்டுக்குப் போனார். எப்போதாவது தேக்காவில் அவர் கடைக்குப் போவேன். கல்லாவில் அந்த அம்மாள் உட்கார்ந்திருப்பார். கருவாடு கேட்டு வருகிறவரின் காலை முதலில் பார்ப்பார். வீங்கியிருந்தால் கொடுக்க மாட்டார். "பாப்பாவுக்கு வேணும்னா வாங்கிக்கோங்க. நீங்க தின்னக் கூடாது," என்பார். வியாபாரம் கெடும் என்று எல்லாரும் சொன்னார்கள். கெடவில்லை. அதைக் கேட்பதற்கென்றே பெண்கள் தங்கள் வீட்டு ஆண்களை இழுத்து வந்தார்கள்.

நானா அதன்பிறகு சில வருஷங்கள் இருந்தார். கால் வீங்கும், வடியும், மறுபடி வீங்கும். என் கல்யாணத்துக்கு வந்து, பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த கஞ்சியைக் குடித்தார். சமையல் வாசனை நன்றாக இருப்பதாகச் சமையல்காரரைக் கூப்பிட்டுச் சொன்னார். அடுத்த நோன்புப் பெருநாளுக்கு முன்பு மவுத்தானார். அடக்கத்துக்குப் போயிருந்தேன். அந்த வார்டில் எங்களோடு படுத்திருந்தவர்களில் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். மழை விடும்வரை மூன்று பேரும் பள்ளிவாசல் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தோம்.