துப்பாக்கி லைசென்ஸும் சேகர் சொன்ன வார்த்தையும்

இலுப்பூர் பக்கம் எனக்குக் கொஞ்சம் கடலைக் கொல்லை உண்டு. காட்டுப்பன்றித் தொல்லை தாங்காமல் துப்பாக்கி லைசென்ஸுக்கு மனு போட்டேன். போலீஸ் விசாரணைக்குப் பக்கத்துக் கொல்லைக்காரனும் சின்ன வயதுக் கூட்டாளியுமான சேகரின் பெயரைக் கொடுத்தேன்.

பத்து மாதமாகப் பதில் இல்லை. ஏழாவதோடு படிப்பை விட்டவன் நான். மனுவில் என்ன தப்பு செய்தோமோ என்று பயந்தே பாதி உடம்பாகிவிட்டேன். கடைசியில் மனு தள்ளுபடி. காரணம் கேட்டதற்கு, சேகர் சொன்னதை ஏட்டு படித்துக் காட்டினார்: "ரொம்பப் பயந்த ஆளுங்க. கையில துப்பாக்கி குடுத்துறாதீங்க."

நேரே அவன் கொல்லைக்குப் போய், "ஏண்டா இப்படிச் சொன்ன?" என்றேன்.

நெற்றித் தழும்பைக் காட்டினான். "மடை திருப்ப வந்த என்னையவே பன்னின்னு நெனச்சுக் கல்ல விட்டு எறிஞ்சியே, மறந்துட்டியா? அன்னிக்கு ஒன் கையில துப்பாக்கி இருந்திருந்தா?"

எறிந்தது நான்தான். ஆனாலும் அதை என்னிடமே சொல்லியிருக்கலாமே! பத்து மாதமும் கூடவே டீ குடித்துக்கொண்டு, "இன்னும் வரலையாடா?" என்று கேட்டானே, அதுதான் ஆறவில்லை. அவனோடு பேச்சை நிறுத்திவிட்டேன்.

இப்போதெல்லாம் செடி அசைந்தால், எறிவதற்கு முன் "யாரு?" என்று குரல் கொடுக்கிறேன். சில நாள் அங்கிட்டிருந்து "நான்தாண்டா" என்று வரும். பதில் பேசுவதில்லை. கல்லை மட்டும் கீழே போட்டுவிடுகிறேன்.