கந்தப்பனுக்கு வந்த புது முகம்

பாவாத்தாளைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் புருஷன் செத்ததிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதற்கு முந்திய பாவாத்தாளை யாரும் கவனித்ததில்லை. துடியலூர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து சிங்காநல்லூர் மில் லைன் வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த பெண், அவ்வளவுதான். நாற்பத்திரண்டாம் வருஷம் கொடி பிடித்துப் போன மில் ஆட்களை வெள்ளைக்காரன் போலீஸ் அடித்து விரட்டியதில் கந்தப்பன் மண்டை உடைந்து செத்தான். பிணத்தை வீட்டுக்குக் கொடுத்தால் கலவரம் வரும் என்று அவர்களே கொண்டுபோய் எரித்துவிட்டார்கள். பாவாத்தாள் அப்போது முழுகாமல் இருந்தாள். வாய்க்கரிசி போடக்கூட அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. வெள்ளைச் சேலை மட்டும் தவறாமல் வந்து சேர்ந்தது.

நான் வெங்கடம்மாள், அடுத்த வீட்டுக்காரி. என் வீட்டுக்காரரும் கந்தப்பனும் ஒரே மிஷினில் வேலை பார்த்தவர்கள். கந்தப்பன் ஆள் குட்டை. கன்னமெல்லாம் அம்மைத் தழும்பு. முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும், அதனால் சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வான். அவனுக்கு ஒரு போட்டோ கிடையாது. போட்டோ எடுத்தால் ஆயுசு குறைந்துபோகும் என்று அவன் அம்மா விடவில்லை. எடுக்காமல் இருந்து என்னத்தைக் கண்டாள் அந்தப் புண்ணியவதி!

பாவாத்தாள் அவனோடு வாழ்ந்தது இரண்டு வருஷம்கூட இல்லை. மாமியார் இருக்கும்போது புருஷன் முகத்தை நிமிர்ந்து பார்ப்பது அந்த வீட்டில் மரியாதைக் குறைச்சல். அவனோ இருட்டோடு வேலைக்குப் போய் இருட்டோடு திரும்புவான். ஆக அவள் பார்த்ததே கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டுதான், அப்பனைக் காணாமல் பிறந்த சாந்தாமணியை வளர்த்தாள். "எம்மூக்கு அப்பா மூக்குங்களா?" என்று பெண் கேட்டால், கண்ணை மூடி நன்றாகப் பார்த்துவிட்டு, "ஆமா கண்ணு, அதேதான்" என்பாள். அந்த மனுஷன் முகம் உலகத்தில் மிஞ்சியிருந்தது அவள் மனசில் மட்டும்தான். அதைப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இருந்து நான் பார்த்ததில்லை.

ஐம்பத்தேழில் ஒரு சினிமாக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். சுதந்திரப் போராட்டச் சரித்திரம் எடுக்கிறார்களாம், கந்தப்பன்தான் கதாநாயகனாம். பாவாத்தாளைப் பூஜைக்கு வர வேண்டாம், மறுநாள் வந்தால் போதும் என்றார்கள். முதல் நாள் கேமராவுக்கு முன்னால் வெள்ளைச் சேலை ஆகாதாம்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நான் போயிருக்கவே மாட்டேன். அவள் போனாள். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

ஸ்டுடியோவில் கந்தப்பன் நாற்காலியில் உட்கார்ந்து ஆப்பிள் தின்றுகொண்டிருந்தான். பெயர் சந்திரரூபன். ஆறடி உயரம், ரோஜா நிறம், நெற்றியில் ஒரு சுருள் முடி. பாவாத்தாளாக நடிக்கிறவள் புருவம் தீட்டி, தலை நிறைய மல்லிகை வைத்து, மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நாங்கள் மில்லைவிட்டு வந்தால் தலையில் பஞ்சுதான் இருக்கும். அட கருமமே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

பாவாத்தாள் நேராக டைரக்டரிடம் போனாள்.

"ஏனுங்க, அவிய இப்படி இருக்கமாட்டாருங்க. குட்டைங்க. மொகத்துல அம்மைத் தழும்பு இருக்குமுங்க. ஒரு பல்லு ஒடஞ்சிருக்குமுங்க. எம்புள்ள அவியளப் பார்த்ததே இல்லைங்க. படத்துலயாச்சும் பார்க்கட்டும்னு வந்தனுங்க."

"அம்மா, தழும்பும் ஓட்டைப் பல்லுமா ஒரு ஆள் செத்தா எவன் அழுவான்? இவர் செத்தா ஊரே அழும். உங்க வீட்டுக்காரருக்குத்தானே பெருமை?" என்றார் அவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

படம் வந்தது. ஊரே அழத்தான் செய்தது. பாவாத்தாள் முதலில் போகமாட்டேன் என்றாள். சாந்தாமணி விடவில்லை. மூன்று பேரும் போனோம். கடைசியில் சந்திரரூபன் அடிபட்டு விழுகிறான், அந்த நடிகை ஓடிவந்து அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொள்கிறாள், பெயர் சொல்லிக் கதறுகிறாள், வாய்க்கரிசி போடுகிறாள். பக்கத்தில் பாவாத்தாள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு குலுங்கினாள். பதினைந்து வருஷமாக அழாத அழுகை அது. நானும் அழுதேன், பொய் சொல்வானேன்.

மறுநாளும் போனாள். அதற்கடுத்த நாளும் போனாள். "உனக்கென்ன பைத்தியமா?" என்று சத்தம் போட்டேன்.

"அவிய செத்தத நான் பார்க்கலீங்களேக்கா. அங்கதான் பார்க்கறேன். கடைசியில மட்டும் பார்த்துப்போட்டு வந்தர்றேன்."

அதற்குப் பிறகு நான் சத்தம் போடுவதை விட்டுவிட்டேன். கருமத்தம்பட்டி கொட்டகைக்குப் படம் போனபோது அங்கேயும் பஸ் ஏறிப் போனாள். யாரும் தடுக்கவில்லை. தடுத்திருந்தாலும் கேட்டிருக்கமாட்டாள்.

அறுபதில் ஆடி அமாவாசைக்குப் படையல் போட்டாள். எப்போதும் ஒரு வேட்டியை மடித்து வைத்துத்தான் கும்பிடுவார்கள். அன்று நான் உள்ளே நுழைந்தால், வேட்டிக்கு மேலே சட்டம் போட்ட படம். சந்திரரூபன்! பொட்டு வைத்து, மாலை போட்டு, ஜம்மென்று சிரித்துக்கொண்டிருந்தான். சாந்தாமணி அந்தச் சினிமாவின் பாட்டுப் புத்தகத்திலிருந்து வெட்டி எடுத்துச் சட்டம் போட்டிருக்கிறாள். "எங்கப்பா" என்று விழுந்து கும்பிட்டாள்.

"எவனோ கூத்தாடியைக் கொண்டுவந்து அப்பன்னு கும்பிடறயே, உனக்கு அறிவிருக்கா? எடுத்து எறி அதை!"

நான் படத்தைப் பிடுங்கப் போனேன். பாவாத்தாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மகளைத் தண்ணீர் எடுத்துவர அனுப்பிவிட்டு, மெதுவாகச் சொன்னாள்.

"இருக்கட்டும் உடுங்கக்கா. புள்ளைய வெய்யாதீங்க. கண்ண மூடுனா எனக்கும் இந்தாளுதான் வாரான்."

"என்னடி சொல்றே?"

"தழும்பு, ஒடஞ்ச பல்லு, எல்லாம் வாய் சொல்லுதுங்க. மொகம் வரமாட்டேங்குது. நானே கண்கொட்டாம பார்த்துப் பார்த்துத் தொலைச்சுப்போட்டேன். நீங்க தெனமும் அவியளப் பார்த்தவங்கதானுங்களே. உங்களுக்காச்சும் தெரியுதுங்களா? நல்லா நெனச்சுப் பார்த்துச் சொல்லுங்கக்கா."

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நினைத்துப் பார்த்தேன். ரோஜா நிறமும் சுருள் முடியும்தான் வந்தன. தலையை உதறிவிட்டு மறுபடியும் பார்த்தேன். அதே கூத்தாடிதான் நின்றான்.

"வரலை பாவாத்தா" என்றேன்.

அவள் அழவில்லை. சோறு ஆறிப்போகிறது என்று எழுந்து, இலையை அந்தப் படத்துக்கு நேராக நகர்த்தி வைத்தாள். நெய் விட்டாள். கைகூப்பிக்கொண்டு, "சாப்பிடுங்க மாமா" என்றாள்.