கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துக் கை

செவ்வாயும் வெள்ளியும் மதியம் இரண்டரை மணிக்கு ‘ஷட்டில்’ பப்புக்குள் வரும் மேவிஸ் என்ட்விசில், நேராகப் போய் உட்கார மாட்டார். குடையை உதறிவிட்டு, பீர் ஊற்றிக் கொடுக்கும் நீண்ட மர மேடையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெல்ல நடப்பார். பார்வை முழுவதும் மேடைமேல் கிடக்கும் கைகளில்தான். முகங்களை ஏறிட்டுப் பார்ப்பது கடைசியில்.

“மூட்டுவலி கூடிடுச்சு போல, கண்ணு” என்று என்னிடம் ஒருநாள் சொன்னார். தபால் சுற்று முடித்து வந்து அப்போதுதான் கோப்பையைத் தொட்டிருந்தேன். வலியைப் பற்றி வீட்டில்கூட நான் சொல்லவில்லை.

“எப்படித் தெரிஞ்சுது?”

“முகத்துல என்ன இருக்கு? காலையில கழுவித் துடைச்சுக்கிட்டு வந்துடறீங்க. கைக்கு நடிக்கத் தெரியாது.”

வயது எண்பத்தொன்று. அரைக் கோப்பை கறுப்புப் பீர், வினிகரில் ஊறிய முட்டை ஒன்று. முட்டையைக் கத்தியால் நான்காக வகுந்து, பீருக்கு நடுநடுவே ஒவ்வொரு துண்டாகச் சாப்பிடுவார். வட இங்கிலாந்தில் இருக்கும் எங்கள் பர்ன்லியின் நெசவாலைகளில் இருபத்தாறு வருடம் தறி ஓட்டியவர். தறிச் சத்தத்தில் பேச்சு கேட்காது என்பதால் அங்கே பெண்கள் ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். அந்தப் பழக்கத்தில் இன்றும் உரக்கப் பேசுவார். உதட்டை அகலத் திறந்து பேசுவார்.

கைகளைப் பார்க்கும் பழக்கம் ஆலையில் வந்ததல்ல. இங்கே வந்தது.

பழைய ஷட்டிலில் ஆண்களுக்குப் பெரிய அறை, பெண்களுக்குப் பின்பக்கம் ஒரு சிற்றறை. பெரிய அறைக்குள் பெண் கால் வைக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவே சுவர், அதில் திறந்த இடத்தில் இரு பக்கத்துக்கும் பொதுவாக மேடை. மேடைக்கு மேல் முகத்தை மறைக்கும் மங்கல் கண்ணாடிகள். கண்ணாடிக்கும் மேடைக்கும் இடையில் இருந்த ஒரு சாண் இடைவெளியில், ஆண்களின் கைகள் மட்டும் தெரியும்.

அப்படித் தெரிந்த கைகளில் ஒன்றில் மோதிர விரல் பாதிதான் இருந்தது. நகங்களில் சாயப்பட்டறை நீலம். பீர் வேண்டுமென்றால் மேடையை இரண்டு தடவை தட்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்காம் வருடத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அந்தக் கைக்கு உரிய குரல் கேட்டது.

“அந்தப் பக்கம் இருமறது யாரு? ஆடா, ஆளா?”

“ஆளுதான். நீ வாயை மூடிக்கிட்டு டோமினோவப் பாரு. தோத்துக்கிட்டுக் கிடக்க.”

“எங்க பாக்கறது? நிமிர்ந்தா உத்தரம் தலையில இடிக்குது.”

அன்றிலிருந்து அவன் நெட்டையன். ஒன்பது வருட வெள்ளிக்கிழமைகள். மேவிஸின் கணவர் ஜாக் அந்த நாட்களில் புறாப் பந்தயச் சங்கத்துக்குப் போய்விடுவார். “தப்பா ஒண்ணும் இல்ல கண்ணு, பேச்சுதான்” என்பார் மேவிஸ். “உதடு தெரியாம காதை வச்சு மட்டும் ஒருத்தர் பேச்சைக் கேட்டது அங்கதான். ஆனா வியாழக்கிழமையே தலைமுடியைச் சுருட்டிவிட்டுக்குவேன். அவனுக்குத் தெரியப்போறதில்லன்னு தெரிஞ்சேதான்.”

எண்பத்து மூன்றாம் வருடத்தில் சுவரை இடித்துக் கண்ணாடிகளைக் கழற்றி, முழுவதையும் ஒரே கூடமாக்கினார்கள். திறந்த அன்று மேவிஸ் புதிதாக வாங்கிய பச்சைக் கோட்டு அணிந்து வந்தார். பாதி மோதிர விரல் வரவில்லை. அடுத்த வெள்ளியும் இல்லை. கல்யாணமான பெண், எந்த ஆணைப் பற்றி யாரிடம் விசாரிப்பது? பெயர்கூடத் தெரியாது.

பீர் ஊற்றும் பெத்தனிக்கு இருபத்து நான்கு வயது. இதைக் கேட்டதும் அவளுக்குக் கோபமே வந்துவிட்டது.

“ஆம்பளைங்களுக்குன்னு தனி அறையா? அந்தக் காலத்தை நினைச்சா ஏங்குறீங்க?”

“சுவரை இடிக்கச் சொல்லி முதல் கையெழுத்துப் போட்டதே நான்தான்டி. இடிச்சது நல்லதுதான். இடிச்ச அன்னைக்கு வீட்டுக்குப் போய் அழுதேன். அதுவும் நடந்துச்சு, இதுவும் நடந்துச்சு.”

போன மாதம் ஒரு செவ்வாய். மழை. மேவிஸ் வழக்கம்போல மேடையோரம் நடந்து வந்தார். என் கையைத் தாண்டினார், எனக்கு அடுத்தவர் கையைத் தாண்டினார். அதற்கடுத்த கையருகே நின்றுவிட்டார். புள்ளி விழுந்த கிழட்டுக் கை, மோதிர விரல் பாதிதான். அது மேடையை இரண்டு தடவை தட்டியது.

மேவிஸ் நிமிரவில்லை. அந்தக் கையைப் பார்த்தே கேட்டார்:

“டோமினோல இன்னும் தோத்துக்கிட்டுதான் இருக்கியா?”

கை அசையாமல் கிடந்தது. குரல் மட்டும் வந்தது. “அந்தப் பக்கம் ஆடா, ஆளா?”

அப்போதுதான் மேவிஸ் நிமிர்ந்தார். ஆறடி மனிதனின் முகம் இருக்க வேண்டிய உயரத்தில் தொலைக்காட்சியில் குதிரைகள் ஓடிக்கொண்டிருந்தன. பார்வை மெல்ல இறங்கியது. இறங்கி, தன் கண்ணுக்கு நேரே வந்து நின்றது. சுத்தமாகச் சவரம் செய்த, சின்ன உருவமுள்ள ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். பெயர் வில்ஃப் ஆக்டன் என்றார். கண் ஆஸ்பத்திரிக்கு வந்தவர், பஸ் வர நேரமிருந்ததால் உள்ளே நுழைந்திருக்கிறார்.

“எங்க போயிட்ட?” என்றார் மேவிஸ்.

“எங்கயும் போகல. கீழத்தெரு பப்புல ஒரு வருஷம் குடிச்சேன். அப்புறம் பட்டறைய மூடிட்டாங்க, தெக்க கவெண்ட்ரிக்குப் போயிட்டேன். போன வருஷம்தான் பக்கத்து ஊருக்குத் திரும்பி வந்தேன்.”

“கீழத்தெருவுலயா? இங்க இருந்து கூப்பிடு தூரம்.”

அவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஒன்பது வருஷம் தலை இடிக்குதுன்னு சொல்லியாச்சு. சுவரை எடுக்கப்போறாங்கன்னதும் பயம் வந்துடுச்சு. அஞ்சடி ரெண்டு அங்குலத்த வச்சுக்கிட்டு எப்படி வந்து நிக்கிறது?”

மேவிஸ் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“நான் ஒரு கோட்டு வாங்கியிருந்தேன்” என்றார்.

இருவரும் சன்னலோர மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். முகம் தெரிந்ததும் மரியாதை வந்து நடுவில் புகுந்துகொண்டது.

“உங்களுக்குப் பிள்ளைங்க?” என்றார் மேவிஸ்.

“ரெண்டு பையன். உங்களுக்கு?”

“ஒரு பொண்ணு. கனடாவுல.”

“அப்படிங்களா.”

அதற்குமேல் ஓடவில்லை. வில்ஃப் மழையைப் பார்த்தார். மேவிஸ் தன் மோதிரத்தைச் சுழற்றினார். இவர்கள் மௌனத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டு, பெத்தனி உணவுப் பட்டியலைக் கொண்டுபோய் வைத்தாள். பிளாஸ்டிக் உறை போட்ட பெரிய மடிப்பு அட்டை.

வில்ஃப் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, எழுவதற்காக மேஜை விளிம்பைப் பிடித்தார். மேவிஸ் அந்த அட்டையை எடுத்தார். படிக்கவில்லை. பாதி விரித்து, இரண்டு முகங்களுக்கும் நடுவே மேஜைமேல் நிமிர்த்தி நிறுத்தினார்.

“ம், இப்பச் சொல்லு” என்று, அது சாயாமலிருக்கக் கெட்சப் புட்டியை முட்டுக்கொடுத்தார்.