உள்ளே பார்க்கக் கூடாத கண்ணாடி

எங்கள் ஊர் புதுக்கடைப் பக்கம் வீட்டில் சண்டை என்றால் முதலில் ஜன்னலைச் சாத்துவார்கள். துபாயில் அதுவும் கிடையாது. கயிற்றில் தொங்கும் கூண்டில் நின்று வெளிக்கண்ணாடி துடைக்கும் எங்களை உள்ளே குடியிருப்பவர்கள் ஆளாகவே எண்ணுவதில்லை. எங்கள் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்று சட்டை மாற்றுவார்கள், அழுவார்கள், ஏப்பம் விடுவார்கள். உள்ளே பார்க்கக் கூடாது என்பதுதான் கம்பெனி சொல்லிக்கொடுத்த முதல் பாடம். ஆறு வருடம் அதை ஒழுங்காகப் படித்தவன் நான்.

போன செவ்வாய்க்கிழமை இருபத்துமூன்றாவது மாடி. உள்ளே வேலைக்காரப் பெண் வாக்குவம் கிளீனர் போட்டுக்கொண்டிருந்தாள். குழாய் தட்டி ஒரு பூச்சாடி விழுந்து உடைந்தது. வீட்டுக்காரன் வந்தான். அந்தக் குழாயைப் பிடுங்கி அவள் தோளில் அடித்தான். பிறகு முதுகில், பிறகு தலையில். தடிமனான கண்ணாடி, பொட்டுச் சத்தம் வெளியே வரவில்லை. காதோரம் ரத்தம் வழிய அவள் என்னைப் பார்த்துக் கை நீட்டினாள். அவனும் திரும்பினான். பதறுவான் என்று நினைத்தேன். அவனோ, நான் துடைக்காமல் விட்ட ஒரு சோப்புக் கறையை விரலால் காட்டினான். பழக்கத்தில் என் கை அதைத் துடைத்தும்விட்டது. த்தூ!

நான்கு வருடம் முன்பு லீவுக்குப் போனபோது ஊர் மெச்ச ஒரு வாக்குவம் கிளீனர் கொண்டுபோனேன். என் மனைவி ஷீபா அதை முற்றத்து ஈர மண்ணில் ஓட்டி மோட்டாரைக் கருக்கிவிட்டாள். அதன் குழாயாலேயே அவளை அடித்தேன். அடுத்த வீட்டு தங்கராஜ் அண்ணன் மதிலுக்கு மேலே தலையை நீட்டினார்.

"எடேய், பைய அடிடே. ஒச்ச ரோடு வரைக்கும் கேக்கு."

ஜன்னலைச் சாத்திவிட்டு அடித்தேன்.

கண்ணாடிக்கு உள்ளே அவன் மறுபடி குழாயை ஓங்கினான். என்னோடு கூண்டில் நின்ற, எங்கள் பக்கத்து ஊரான இனயத்துக்காரன் கிளீட்டஸ் என் தோளைப் பிடித்தான்.

"ஏலே மக்கா, உள்ள பாக்காத. சோலி போயிரும்."

அவனை உதறிவிட்டு, கறை சுரண்டும் இரும்பின் பிடியால் கண்ணாடியில் ஓங்கி அடித்தேன். யார் மேல் அத்தனை வெறி என்று அப்போது தெரியவில்லை. நாலாவது அடியில் கண்ணாடி முழுக்க விரிசல் ஓடியது, என் உள்ளங்கை பிளந்தது. குழாயைப் போட்டுவிட்டு அவன் என்னை நோக்கிக் கத்திக்கொண்டு வந்தான். அந்த நேரத்தில் அவள் கதவைத் திறந்து ஓடிவிட்டாள். கீழே ஆம்புலன்ஸில் ஏற்றினார்களாம், உயிருக்குப் பயமில்லையாம். அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது.

மேலாளர் கேட்டது ஒரே கேள்வி: "உள்ளே பார்த்தாயா?"

"அந்தப் பெண்ணை அடித்தான் சார்."

"அதை யார் கேட்டார்கள்? உள்ளே பார்த்தாயா?"

"பார்த்தேன்" என்றேன். அதோடு வேலை முடிந்தது.

ஷீபாவுக்குப் போன் போட்டு எல்லாம் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன், மறைப்பானேன். எல்லாவற்றையும் சொல்ல விட்டு, பிறகு அவள் கேட்டாள்:

"கண்ணாடிய அடிச்சதுக்கு வேல போச்சு, சரி. என்ன அடிச்சதுக்கு ஒங்களுக்கு என்ன போச்சு?"

கட்டுப்போட்ட கையோடு பெட்டி கட்டுகிறேன், நாளை விமானம். ஆறு வருடமும் இந்த ஊர் என்னைக் கண்ணாடிக்கு வெளியிலேயே வைத்திருந்தது. புதுக்கடையில் என் வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று முதல்முறையாக உள்ளே பார்க்கப் போகிறேன். அவள் கதவைத் திறப்பாளா, தெரியாது.