வலது முழங்கைத் தழும்பு

சங்கரன்கோவிலில் தையல் மெஷின் போட்டிருந்த ஏசுவடியாள் எட்டாவதோடு நின்றவள். ஆனால் தங்கை தேவமணியை எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்க வைத்தாள். தங்கையின் மார்க்கை யார் கேட்டாலும் சொல்வாள், கேட்காவிட்டாலும் சொல்வாள்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்த கையோடு தேவமணி அந்த எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைத் திருவேங்கடம் பஸ்ஸில் தொலைத்துவிட்டாள். நகல் வாங்கிக்கொண்டு ஐந்து வருஷம் காத்திருந்தும் இன்டர்வியூ கார்டு வரவில்லை. எண்பத்தொன்றில் போய்க் கேட்டால், குமாஸ்தா ஏற இறங்கப் பார்த்தார்.

"விலாசம் மாத்தி, இன்டர்வியூ முடிஞ்சு, தேவமணி வேலையில சேர்ந்தாச்சே. நீ யாரும்மா?"

விசாரணைக்கு அந்த இன்னொரு தேவமணியும் வந்தாள். புத்தகத்தில் அங்க அடையாளம், 'வலது முழங்கையில் தழும்பு.' அவள் வலது முழங்கையை நீட்டினாள், தழும்பு இருந்தது. நம் தேவமணிக்கோ இடது முழங்கையில். அதிகாரி உதட்டைப் பிதுக்கி, ஒரு வாரம் தவணை கொடுத்தார்.

"என் பேரே எனக்கில்லன்னு சொல்லுதாங்களேக்கா!"

"மூக்கச் சிந்தாதட்டி. அந்தக் கைக்கு மருந்து போட்டவ நான். எந்தக் கைன்னு எனக்குத் தெரியாதா?"

மறுநாள் தேவமணியோடு படித்த பூமாரி ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தாள். எதிரே நின்றவளின் இடது கன்னத்து மச்சத்தைப் பார்த்ததும் ஏசுவடியாளின் டேப் நின்றது. எதிரே நிற்பவரின் இடது கை நம் வலது பக்கம் இருக்கும். தையலில் முதல் பாடமே அதுதான். புத்தகத்தில் அடையாளம் எழுதிய பள்ளிக்கூட வாத்தியார் நாற்காலியை விட்டு எழும்பாமல், எதிரே நின்ற பிள்ளைகளைப் பார்த்து எழுதியிருந்தால்?

"ஏட்டி பூமாரி, ஒன் புத்தகத்துல மச்சம் எந்தக் கன்னத்துலன்னு போட்டிருக்கு?"

"வலதுன்னுக்கா. எங்க வீட்டுக்காரரு பார்த்துட்டு, 'பொண்ண மாத்திட்டாங்களா'ன்னுல்லா கேட்டாரு!"

ஏசுவடியாள் அளவு நோட்டில் கூடப் படித்தவர்களின் பெயர்களை வரிசையாக எழுதி, வாசுதேவநல்லூர் வரை வீடு வீடாகப் போனாள். தவணை நாளன்று எட்டுப் பெண்கள் எட்டுப் புத்தகங்களோடு பஸ்ஸில் போய் இறங்கினார்கள். ஒருத்தி கன்னத்தைக் காட்டினாள், ஒருத்தி விரலை நீட்டினாள், ஒருத்தி செருப்பைக் கழற்றிக் காலைத் தூக்கினாள். எட்டு அடையாளங்களும் புத்தகத்தில் பக்கம் மாறித்தான் இருந்தன.

"போதும், காலை இறக்கும்மா" என்று அதிகாரி சிரித்தார். பிறகு அந்த இன்னொரு தேவமணியிடம் திரும்பினார். "நீ மட்டும் புத்தகத்தைப் பார்த்துத் தழும்பு வச்சிருக்கியோ?"

அவள் தலை குனிந்துகொண்டாள்.

பெயரும் பதிவு மூப்பும் தேவமணிக்குத் திரும்பின. மறுவருஷமே ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. ஜூன் மாதம், பிள்ளைகளின் அங்க அடையாளம் எழுதும் நாளில், சாப்பாடு கொடுக்கும் சாக்கில் ஏசுவடியாள் அங்கே போய் எட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தேவமணி நாற்காலியை விட்டு எழுந்து, அதன் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, மச்சத்தைத் தொட்டுப் பார்த்து எழுதினாள்.

"அப்படித்தான்" என்றாள் அக்கா, வாசலில் நின்றபடியே.