கல்லுப்பு தேய்த்துக்கொண்டு வந்தவன்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். பிளஸ் டூவில் தமிழிலேயே கோட்டை விட்டவன் எழுதி யார் படிக்கப் போகிறார்கள் என்று பேனாவை மூடியும் வைத்துவிட்டேன். ஆனால் கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் நான் எதைச் சொன்னாலும், "சும்மா இரிங்கண்ணே, நக்கல் பண்ணாதீங்க" என்று சிரிக்கிறாள். வாயால் சொன்னால் என்னை யாரும் நம்புவதில்லை. அதனால்தான் எழுத்து.

தென்காசியில் ஒரு ஸ்கின் லேசர் கிளினிக்கில் எடுபிடி நான். டாக்டரம்மா திருநெல்வேலியிலிருந்து வாரம் இரண்டு நாள் வருவார். அவர் பார்ப்பதற்கு முன் வருகிறவர்களைத் தயார் செய்வது என் வேலை.

மறைத்துக்கொண்டு வருகிறவர்கள்

முதல் கன்சல்டேஷனுக்கு ஜனங்கள் பெண் பார்க்க வருகிற மாதிரி வருவார்கள். பருவைக் காட்ட வந்த பிள்ளை அதன் மேலேயே பவுடரை அப்பியிருக்கும். முகத்து முடியை எடுக்க வந்த அக்கா முந்தின நாளே த்ரெட்டிங் செய்திருப்பார். ஒரு குடும்பம் காலையில் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, "அப்படியே டாக்டரையும் பாத்துட்டுப் போயிருவோம்னு வந்தோம்" என்று மினுமினுத்துக்கொண்டு நின்றது.

"ஆச்சி, டாக்டரம்மாவுக்குத் தோலு தெரியணும். ஒங்க மேல வடையே சுடலாம் போலிருக்கு" என்றேன்.

டாக்டரம்மாவுக்கு வேண்டியது வெறும் தோல், வெயிலில் கருக்காத தோல், இதுவரை என்னென்ன தடவினோம் என்கிற உண்மை. அந்தக் கடைசிச் சாமான் மட்டும் கிடைக்கவே கிடைக்காது. மெடிக்கலில் கேட்டு வாங்கிய சிவப்பழகு க்ரீமைப் பைக்குள் வைத்துக்கொண்டே, "ஒண்ணுமே போடலியே மேடம்" என்பார்கள்.

முருங்கைக்காய்

இசக்கி என் கூட்டாளி, ஆலங்குளத்துக்காரன். அண்ணன் போலீஸ், சித்தப்பா பட்டாளம். தனக்கும் பட்டாளம்தான் என்று டவுசர் போட்ட காலத்திலேயே முடிவு செய்தவன். அந்த வெறியில் ஒரு சீசனில் குற்றாலத்து ரோட்டோரக் கடையில் முன்கையின் வெளிப்பக்கம் துப்பாக்கி டாட்டூ குத்திக்கொண்டான். குத்தியவனுக்குக் கை நடுக்கம் போலிருக்கிறது.

"என்னலே, முருங்கக்காயக் குத்திட்டு வந்திருக்க? சாம்பார்ல போடவா?" என்று பெயர் வைத்தவன் நான்தான்.

அந்த இடத்தில் டாட்டூ இருந்தால் பட்டாளத்தில் எடுக்க மாட்டார்கள் என்பது அவனுக்குப் பிறகுதான் தெரிந்தது. வயசு வரம்புப்படி அவனுக்கு ஒரே ஒரு செலக்‌ஷன்தான் மிச்சம். அதற்கு இரண்டு மாதம்கூட முழுசாக இல்லை. லேசரில் அழித்துவிடலாமா என்று என்னிடம் வந்து கேட்டான். உள்ளதைச் சொன்னேன்.

"ஒரு தடவைல போவாதுலே. ஒவ்வொரு சிட்டிங்குக்கும் நடுவுல ஒண்ணரை மாசமாவது ஆறணும். அஞ்சாறு தடவை ஆவும். கையில வெயிலும் படக்கூடாது."

"கிரவுண்டுல ஓடாம நான் எப்படிலே செலக்‌ஷனுக்குப் போவ?"

"முழுக்கைச் சட்டை போட்டு ஓடு."

"போலே. ஒனக்கு எதுலதான் நக்கல் பண்ணணும்னு இல்லியா?"

அடுத்து அவன் எங்கள் மேனேஜருக்கு போன் போட்டான். மேனேஜர் குரலில் எப்போதும் சர்க்கரை இருக்கும். "ஒரே சிட்டிங் போதும் சார். சனிக்கிழமை வாங்க சார்." பிறந்ததிலிருந்து இசக்கியை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. நம்பிவிட்டான்.

சனிக்கிழமை

முழுக்கைச் சட்டையோடு வந்தான். பரவாயில்லை, நாம் சொன்னதில் ஒன்றையாவது கேட்டிருக்கிறான் என்று நினைத்தேன். சட்டையை மடக்கினான். கையில் துணிக்கட்டு. துணி நனைந்து ஒட்டியிருந்தது. கல்லுப்பையும் தேங்காய் நாரையும் வைத்துத் தேய்த்திருக்கிறான்.

"ஒரே சிட்டிங்னு மேனேஜர் சொன்னாருல்லா? பாதிய நாமளே எடுத்துட்டா மிச்சம் கண்டிப்பா போயிரும்லா" என்றான். பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்க வேறு செய்தான்.

எனக்குக் கிண்டல் வரவில்லை.

டாக்டரம்மா கட்டைப் பிரித்துப் பார்த்தார். "புண்ணு மேல லேசர் அடிக்க முடியாது தம்பி. இது முழுசா ஆறணும். தழும்பு தடிச்சிருச்சுன்னா அப்புறமும் கஷ்டம்தான். வர்றதுக்கு முன்னாடி யாருமே உங்ககிட்ட எதுவும் சொல்லலையா?"

மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். இசக்கி என்னைப் பார்த்தான்.

"இவன் சொன்னான் மேடம். வெளையாடுதான்னு நெனச்சிட்டேன்."

செலக்‌ஷனில் ஓட்டத்தில் அவன்தான் முதல். மெடிக்கல் டெஸ்ட்டில், "பைக் சைலன்சர் சுட்டது சார்" என்றிருக்கிறான். தழும்புக்குப் பக்கத்தில் துப்பாக்கி முனை நன்றாகத் தெரிந்திருக்கிறது. திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இப்போது புளியங்குடியில் ஒரு கமிஷன் கடையில் எலுமிச்சம்பழ மூட்டை ஏற்றுகிறான். மேனேஜர் இன்னமும் போனில் ஒரே சிட்டிங் என்றுதான் சொல்கிறார். எங்கள் கிளினிக் திறக்கப்போகிற புது பிராஞ்சுக்கும் அவர்தான் மேனேஜராம்.

ஆகவே புதுப் பிள்ளையே, யார் போன் போட்டாலும் நீ முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: வருவதற்கு முன் நீங்களாக எதையும் தேய்க்காதீர்கள், சுரண்டாதீர்கள், மறைக்காதீர்கள். இருக்கிறபடியே வாருங்கள். சொல்லும்போது சிரிக்காதே. மறக்காமல் சார் போட்டுச் சொல். அப்போதுதான் நம்புவார்கள்.

எழுதியதை வாட்ஸ்அப்பில் இசக்கிக்கு அனுப்பினேன். லோடு ஏற்றி முடித்துவிட்டுப் பதில் போட்டான்:

"எல்லாம் சரிலே, அது முருங்கக்காய் இல்ல, துப்பாக்கி."